கரையும் வளையும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் எலிக்கட்டுப்பாட்டின் வரலாறு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பாசன வரலாற்றில் மண்ணைக் குடைந்து வாழும் எலிகளுக்கும் ஓர் இடமுண்டு. மழையையும் ஏரிகளையும் நம்பிய பெரம்பலூர்க் கரிசல் பகுதியிலும், கொள்ளிடத்தை ஒட்டி நெல் விளையும் திருமானூர், தா.பழூர் பகுதிகளிலும், எலியை அடக்குவதும் கரையைக் காப்பதும் ஒன்றையொன்று சார்ந்த வேலைகளாகவே இருந்துவந்துள்ளன. எலி வளை கரையின் உட்புறம் வரை நீண்டிருந்தால், நீர்மட்டம் உயரும்போது தண்ணீர் அதனுள் புகுந்து, மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துக் கசிவாகத் தொடங்கி, உடைப்பில் முடியக்கூடும்.

கரை காப்பது பொதுவேலை என்னும் கருத்து தமிழகத்தில் மிகப் பழையது. 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரிகளை மேற்பார்க்கும் ஊர்க்குழுவான ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அடுத்த நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பேரேரி, இன்று பொன்னேரி என வழங்குகிறது. இவ்வட்டாரம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த ஆங்கிலேயர் காலத்தில், 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், உடைப்பு நேரும் தறுவாயில் ஊராரை வேலைக்கு அழைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்ததோடு, ஊரார் தம் உழைப்பால் நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கத்துக்கும் சட்ட வலு சேர்த்தது.

எவ்வகை எலி என்பதை வளையைக் கொண்டே உழவர்கள் கணித்தனர். புதிதாகத் தள்ளிய மண் குவிந்து, வாய் மண்ணால் அடைபட்டிருந்தால், அது நன்றாக நீந்தவும் கதிர்களை வெட்டி வளைக்குள் சேமிக்கவும் வல்ல வரப்பெலியின் வளையாகும். கோடையில் வெடிக்கும் கரிசல் மண்ணின் பிளவுகளில் மென்மயிருடைய புல்லெலி தங்கும். நீர்நிலையை அடுத்த வீடுகளின் சுற்றுச்சுவர் அடியிலும் சாக்கடை ஓரத்திலும் அகன்ற குழி தோண்டுவது பெருச்சாளி. மிரட்டினால் முதுகு மயிரைச் சிலிர்த்து உறுமுவது இதன் இயல்பு.

கட்டுப்படுத்தும் முறைகளுள் காவிரிப் பாசனப் பகுதியில் பெயர்பெற்றது தஞ்சாவூர் கிட்டி. வில்லாக வளைத்த மூங்கிற்பட்டையில் கயிறு பூட்டி இரை வைத்த இப்பொறியை, மாலையில் வயலில் நட்டு விடியற்காலையில் எடுப்பர். எலி இரையை இழுத்ததும் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும். எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர் முதலிய சமூகத்தார், ஓட்டையிட்ட பானையில் வைக்கோலை மூட்டி வளைக்குள் புகையை ஊதி, மறுவாய்களை அடைத்துவிட்டுத் தோண்டினர். எலியோடு வளையில் சேர்ந்திருந்த நெல்லும் அவர்களுக்கு உணவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் நச்சுமருந்துகள் பரவின. 49 பங்கு இரையில் 1 பங்கு சேர்க்கப்படும் துத்தநாகப் பாஸ்பைடு உடனே கொல்வது; ஆயினும் தின்று தப்பிய எலி அவ்விரையை மீண்டும் தொடாது என்பதால், நஞ்சு கலவாத இரையை முதலில் வைத்துப் பழக்கும் முறை ஏற்பட்டது. இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாளில் கொல்லும் புரோமடையலோன் பின்னர் வந்தது. எனினும் 2024-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டிப் பறவைகள் காப்பகம் போன்ற நீர்நிலைகளின் அருகே நஞ்சைக் கையாளுவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆகவே வரப்பை எலி குடைய இடமில்லாதவாறு குறுக்கிக் கட்டுவதையும், ஆந்தைகள் அமர வயலில் குச்சி நடுவதையும் வேளாண் வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர்.

மருந்து ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் தனித்துச் செயல்படுவதை எளிதாக்கியது; ஆனால் எலி எல்லை பார்ப்பதில்லை. ஒருவர் வயலில் காலியான வளைகளை அடுத்த வயலின் எலிகள் விரைவில் கைப்பற்றுகின்றன. தென்னமெரிக்காவிலிருந்து மென்மயிருக்காக 1929-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பிப் பெருகி ஆற்றங்கரைகளைக் குடைந்த நூட்ரியா என்னும் பெருங்கொறிணியும், நிலவுடைமையாளர் தனித்தனியே முயன்றபோது அழியவில்லை. 1981-இல் தொடங்கி முழு வட்டாரத்தையும் ஒரே திட்டத்தின்கீழ்க் கூண்டு வைத்துச் சலித்த பின்னரே 1989-இல் ஒழிந்தது. அறுவடை முடிந்து இரை குறைந்திருக்கும் கோடையில், ஊரார் ஒருங்கே வளைகளைத் தோண்டிக் கரைகளைச் செப்பனிடுவதே பயன்தரும் என்பதற்கு இவ்விரு நாட்டு அனுபவமும் சான்றாகிறது.