தந்தையின் தொட்டியும் மகனின் மண்ணும்

புதுக் கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, நீர் நிரப்பி, வடிகட்டியையும் ஓடவிட்டு, ஆனால் ஒரு மீனையும் விடாமல் நாலைந்து வாரம் வெறும் நீரையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்றைய சம்பிரதாயம், மீன் வளர்ப்போருக்கு வெகு காலம் பிந்திக் கிட்டிய ஞானம். இதன் சரித்திரத்தில் லண்டன் வாரிங்டன் குடும்பத்துத் தந்தைக்கும் மகனுக்கும் தனித்தனியே பங்குண்டு. இருவர் பெயரும் ராபர்ட் என்பதால் புத்தகங்களில் இவர்களை ஒருவராகவே எண்ணி மயங்குவாரும் உண்டு.

மருந்தாளர் சங்கத்தில் ரசாயனியாக இருந்த தந்தை, 1849ஆம் ஆண்டில் 12 காலன் கொள்ளும் பாத்திரமொன்றில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ப்பூண்டையும் இட்டு, மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்க, செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் ஏற்க, நீரை மாற்றாமலே இரண்டும் வாழக்கூடுமா என்று பரீட்சித்தார். இலைகள் அழுகி நீர் கலங்கியபோது, குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்து உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்ததோடு, அவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்கே இரையாயின. மறு வருஷம் இது ரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் மாளிகை திறந்ததும், அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வந்ததும், தொட்டி வைப்பது இங்கிலாந்தில் ஒரு மோகமாகவே ஆகிவிட்டது.

ஆனால் மீனின் கழிவிலிருந்தும் அதன் செவுளிலிருந்தும் இடையறாது ஊறும் அம்மோனியா என்னும் விஷம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு வாயுக்களின் அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஒரு பங்கைச் செடி உறிஞ்சியது. மறு பங்கைத் தீர்த்தவை கல்லிலும் மணலிலும் படிந்திருந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பதைத் தந்தை அறிந்தாரில்லை.

அதை அறிவித்தது சாக்கடை நீர். 1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் அடைத்த நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல ஒழுகவிட்டனர். முதல் 20 நாள் அம்மோனியா போனபடியே வெளிவந்தது. அதன் பின்னரே அம்மோனியா மாறி உண்டான நைட்ரேட் தலைகாட்டியது. வெறும் ரசாயன மாற்றமாயின் இந்தத் தாமதம் ஏன்? குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியவுடன் வேலை நின்றது. பின்பு சிறிது மண் கரைசலை ஊற்றியதும் மீண்டும் தொடங்கிற்று. மயக்கமருந்துக்கு ஓய்வது உயிராகத்தான் இருக்கவேண்டும் என்ற அவர்களுடைய அனுமானத்தின் நேர்த்தி அலாதியானது. இந்த நுண்ணுயிர்கள் பெருகும்வரை புதுத் தொட்டிக்காரன் பொறுமையிழந்து காத்திருக்கும் நாட்களும் அத்தகையவையே.

இச்செய்தியை ராதாம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பற்றிக்கொண்டவர் மகன். தந்தை 1867இலேயே காலமாகிவிட்டார். வயல் மண்ணை ஆராய்ந்த மகன், அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு வகை உயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொரு வகை என்று கண்டார். முதல் பந்தி எழுந்த பின்னரே இரண்டாம் பந்திக்கு இலை விழும். ஆகவேதான் இன்று சோதனைக் குழாயில் அம்மோனியாவின் பச்சை வெளுத்து மஞ்சளான பிறகும், நைட்ரைட் என்னும் இரண்டாவது விஷம் இறங்கும்வரை காத்திருக்க நேர்கிறது. அவ்வுயிர்களைப் பிரித்தெடுக்க மகன் பல வருஷம் முயன்றும் முடியவில்லை. 1890இல் ஜூரிச்சில் வினோகிராட்ஸ்கி என்பவர் அதைச் சாதித்தார்.

தந்தையின் தொட்டியை மகனின் கண்டுபிடிப்பு வந்தடைந்தது, என் கணிப்பில், வியப்புக்குரிய மந்தகதியில்தான். வயலுக்கும் சாக்கடைச் சுத்திகரிப்புக்கும் பயன்பட்ட இந்த அறிவு, மீன் வளர்ப்போரிடம் பரவலாக வேரூன்றியது 1970இல் ஸ்டீஃபன் ஸ்பாட் எழுதிய நூலுக்குப் பிறகே. அப்போதும் நைட்ரைட்டைத் தீர்ப்பது நைட்ரோபாக்டர் என்றே நூல்கள் கூறின. நன்னீர்த் தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்று ஹோவனெக் என்னும் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் காட்டியது 1998இல்.