ஆறு பரிமாணங்கள் எதைத் தீர்மானிக்கின்றன? குவாசிபடிகக் கோட்பாட்டில் எண்ணப்படுவதும் அளக்கப்படுவதும்

அணுக்கள் ஒழுங்காக அமைந்தும் காலமுறையாக மீளாத குவாசிபடிகத்தின் அணு அமைப்பைப் பற்றிய ஆய்வறிக்கை எதை எடுத்தாலும், நம் கையில் உள்ள முப்பரிமாணப் பொருளுக்கு ஆறு பரிமாண அணிக்கோவை ஒன்றே முகவரியாகத் தரப்பட்டிருக்கும். 2007இல் தகாகுராவும் உடன் ஆய்வாளர்களும் யட்டெர்பியம்–காட்மியம் உலோகக்கலவையின் அமைப்பைத் தீர்த்ததும் அந்த வழியில்தான். கூடுதலாக வந்த இந்த மூன்று பரிமாணங்களுக்கு என்ன தகுதி? கணக்கு எளிதாவதற்காக எழுதிக்கொண்டவை, அவ்வளவே என்பது ஒரு தரப்பு. பொருளின் இயற்பியல் முழுவதும் அங்கேதான் உறைகிறது என்பது மறுதரப்பு. இரண்டுமே மிகைப்படுத்தல் என்பது என் வாதம். முழு எண்களால் எண்ணக்கூடியவை உயர்பரிமாணத்திலிருந்து வருகின்றன: விளிம்பு விளைவுப் புள்ளிகளின் இடம், மென் இயக்கங்களின் எண்ணிக்கை, ஆற்றல் இடைவெளிகளின் முத்திரை. அளந்தால் மட்டுமே தெரியக்கூடியவை, அதாவது இடைவெளியின் அகலம், மின்தடை, அலைச்சார்பு எவ்வளவு தூரம் பரவுகிறது என்பவை, எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு என்பதிலிருந்து வருகின்றன. முதல் வகைக்கு உரிய அதிகாரத்தை இரண்டாம் வகைக்கும் நீட்டியபோதெல்லாம் கோட்பாடு சறுக்கியிருக்கிறது.

கண்டுபிடிப்பின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. இங்கே தேவையானது கொஞ்சம்தான். 1982 ஏப்ரலில் டான் ஷெக்ட்மன் கண்ட அலுமினியம்–மாங்கனீசுக் கலவையின் பத்துமடிச் சமச்சீர் 1984 நவம்பரில் அச்சேறியது. அடுத்த மாதமே லெவினும் ஸ்டைன்ஹார்ட்டும் அதற்கான கோட்பாட்டை வெளியிட்டார்கள். கலுகின்–கிட்டாயெவ்–லெவிடோவ், டுனோ–காட்ஸ், எல்சர் ஆகியோர் தனித்தனியே ஆறு பரிமாண வீழல் முறைக்கு வந்து சேர்ந்தார்கள். பென்ரோஸ் ஓடுபாவலை ஐந்து பரிமாணத்திலிருந்து பெறலாம் என்று டி புரூய்ன் 1981இலேயே காட்டியிருந்ததால் கணிதம் முன்கூட்டியே தயாராக இருந்தது.

அந்த முறையின் மிகச் சிறிய வடிவம் ஒரு தாளில் அடங்கிவிடும். கட்டத்தாளில் ஒரு நேர்கோடு வரையுங்கள். அதன் சாய்வு தங்க விகிதத்தின் தலைகீழ், அதாவது 0.618. கோட்டை ஒட்டி, ஒரு கட்டம் நழுவிச் செல்லும் அளவுக்கு அகலமுள்ள பட்டை ஒன்று. பட்டைக்குள் விழும் சந்திப்புகளை மட்டும் கோட்டின்மேல் செங்குத்தாக இறக்கினால் இரண்டே இரண்டு நீளங்கள் கிடைக்கும். ஒன்றை நெடில், மற்றதைக் குறில் என்போம். அவை நெ–கு–நெ–நெ–கு–நெ–கு–நெ என்று வரிசையாக வரும். ஒருபோதும் மீளாத, ஆயினும் முற்றிலும் விதிக்குக் கட்டுப்பட்ட இந்த வரிசைதான் ஃபிபொனாச்சிச் சங்கிலி. சாய்வை 1/1, 1/2, 2/3 என்று விகிதமுறு எண்ணாக மாற்றினால் வரிசை காலமுறையாகிவிடும். அப்படிப் பெறப்படும் பெரிய அலகுக்கூட்டுப் படிகங்களைத் தோராயப் படிகங்கள் என்கிறோம். இவை உண்மையிலேயே உலையில் வளர்க்கப்படுகின்றன. இந்த வாதத்துக்கு அவைதான் சாட்சி.

இப்போது பட்டையைக் கோட்டுக்குச் செங்குத்தாகச் சற்றே நகர்த்துங்கள். ஒரு சந்திப்பு பட்டையை விட்டு வெளியேறும், மறுபக்கம் இன்னொன்று உள்ளே வரும். சங்கிலியில் அந்த இடத்தில் மட்டும் நெ–கு என்பது கு–நெ ஆகிவிடும். அண்டை அணு இருக்கும் தூரம்கூட அணு நகர்வதில்லை. அதற்கும் குறைந்த ஒரு குட்டித் தாவல்தான். உயர்பரிமாணத்தில் தொடர்ச்சியாக நிகழும் நகர்வு இங்கே தாவல்களாகத் தெரிகிறது. இதுதான் ஃபேசான். இருபதுமுகக் குவாசிபடிகத்தில் வழக்கமான மூன்று இடப்பெயர்ச்சிகளோடு இன்னும் மூன்று ஃபேசான் இடப்பெயர்ச்சிகள் உண்டு என்பதை 1985இல் பெர் பாக்கும், லெவின் முதலியோரின் கூட்டுக் கட்டுரையும் காட்டின. அந்தக் கூட்டிலிருந்த லுபென்ஸ்கி, ஸ்ரீராம் ராமசாமி, டோனர் மூவரும் அதே ஆண்டில் ஒரு படி மேலே போனார்கள். ஃபேசான் ஒலியலை போல ஓடாது, மை நீரில் பரவுவதுபோல விரவும் என்று நிறுவினார்கள். இருபதுமுகச் சமச்சீர் இருந்தால் மீள்மைக் குணகங்கள் ஐந்து: வழக்கமானவை இரண்டு, ஃபேசானுக்கு இரண்டு, இரண்டையும் பிணைப்பது ஒன்று. பொருள் எதுவானாலும் ஐந்துதான். அந்த ஐந்தின் மதிப்புகள் என்ன என்று கேட்டால் உயர்பரிமாணத்துக்குப் பதில் தெரியாது. 2003இல் அலுமினியம்–பல்லேடியம்–மாங்கனீசில் ஒருங்கியல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஃபேசான்களின் மெதுவான தளர்வை நேரடியாகப் பின்தொடர்ந்தார்கள். தளர்வுக்கு ஆகும் நேரத்தைச் சோதனைதான் சொல்லியது.

எலக்ட்ரான்களிடம் இந்தப் பாகுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஃபிபொனாச்சிச் சங்கிலியில் எலக்ட்ரானின் ஆற்றல் பட்டை எண்ணற்ற இடைவெளிகளால் துண்டாடப்பட்டு, மொத்த நீளம் சுழியான கான்டர் கணமாக எஞ்சுகிறது. கோமோட்டோ, கடனாஃப், டாங் ஆகியோரும், ஆஸ்ட்லண்ட் முதலியோரும் 1983இல், அதாவது குவாசிபடிகம் அச்சில் வருவதற்கு முன்பே, இதை ஆராயத் தொடங்கியிருந்தார்கள். அந்த இடைவெளிகள் எங்கே விழும் என்பதற்கு ஜான் பெலிசாரின் முத்திரைத் தேற்றம் இருக்கிறது: இடைவெளிக்குக் கீழே உள்ள நிலைகளின் பின்னம், 0.618இன் ஏதேனும் ஒரு முழு எண் மடங்கின் தசமப் பகுதியாகவே இருக்க முடியும். அந்த முழு எண்ணே இடைவெளியின் முத்திரை. 89 இடங்கள் கொண்ட தோராயச் சங்கிலியைக் கணினியில் தீர்த்துப் பாருங்கள். முக்கிய இடைவெளிகளுக்குக் கீழே 13, 21, 34, 55, 68, 76 என்ற எண்ணிக்கையில் நிலைகள் நிற்கும். 55க்கு முத்திரை 1. 34க்கு முத்திரை –1. 21க்கு 2, 68க்கு –2. 76க்கு 3, 13க்கு –3. இனி நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள தாவல் வலிமையின் (எலக்ட்ரான் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவும் வலிமையின்) வேறுபாட்டைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள்: இடைவெளிகள் விரியும், சுருங்கும், 55 மட்டும் 56 ஆகாது.

இந்த முத்திரை வெறும் பெயர்ப்பலகை அன்று. 2012இல் கிராவுஸ், லாஹினி, ரிங்கெல், வெர்பின், சில்பர்பெர்க் ஆகியோர், அலைநடத்திகளின் குவாசிக் காலமுறை வரிசை ஒன்றில், ஃபேசான் கோணத்தை, அதாவது பட்டையின் நகர்வைக் குறிக்கும் கோணத்தை, மெல்ல மாற்றி ஒளியை ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குக் கடத்தினார்கள். 2017இல் பிரான்சில் ஃபிபொனாச்சி வடிவிலான, ஒளியும் பொருளும் கலந்த போலாரிட்டான்களின் குழிகளில் அந்தக் கோணத்தை முழுச்சுற்று விட்டபோது, விளிம்பு நிலை இடைவெளியைக் கடந்த தடவைகளின் எண்ணிக்கை முத்திரை எண்ணோடு பொருந்தியது. காகிதத்தில் எழுதிக்கொண்ட கூடுதல் பரிமாணம் ஆய்வுக்கூடத்தில் ஒரு திருகாகவே மாறிவிட்டது. கணக்கு வசதி என்ற வாதம் இங்கே நிற்காது.

ஆனால் இதற்கொரு வலுவான மறுப்பு உண்டு. மேட்சன், பெர்க்ஹோல்ட்ஸ், புரௌவர் மூவரும் 2013இல் எழுப்பியது அது. முழுச்சுற்றின் முழு எண், கோணத்தின் எல்லா மதிப்புகளும் சேர்ந்த குடும்பத்துக்கு உரியது. அதே குடும்பத்தைக் காலமுறைச் சங்கிலியைக் கொண்டும் கட்டலாம். ஆகவே இடத்தியல் (மெல்ல உருமாற்றினாலும் மாறாத எண்களின்) அளவில் குவாசிபடிகத்துக்கெனத் தனிச் சிறப்பு இல்லை என்றார்கள். மறுப்பின் முதற்பாதி சரி. ஆனால் காலமுறைச் சங்கிலியில் கோணத்தை மாற்றினால் வேறு சங்கிலி கிடைக்கிறது. விகிதமுறா சாய்வில் கோணத்தை மாற்றினாலும் அதே துண்டுகள் அதே அடர்த்தியில் வருகின்றன, ஆற்றல் பட்டையும் மாறுவதில்லை. குடும்பம் முழுவதையும் ஒரே உறுப்பினர் தன்னுள் தாங்கியிருப்பது குவாசிபடிகத்தில் மட்டும்தான். எனவே எண்ணை அந்தப் பொருளுடையது என்றே சொல்லலாம் எனக் கருதுகிறேன்.

அதே 2012இல் கிராவுஸும் சில்பர்பெர்க்கும் வெளியிட்ட இன்னொரு முடிவு என் வாதத்துக்கு மிக நெருக்கமானது. அதன் முழுப் பொருளும் இன்னும் உள்வாங்கப்படவில்லை என்று தோன்றுகிறது. ஃபிபொனாச்சிச் சங்கிலியும் ஹார்ப்பர் மாதிரியும் இடத்தியல் நோக்கில் ஒன்றே. ஒன்றை மற்றொன்றாக, முத்திரை கலையாமல், மெல்ல உருமாற்றலாம் என்பது அது. ஹார்ப்பர் மாதிரி என்பது விகிதமுறா அலைநீளம் கொண்ட கோசைன் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான் தாவுவது. இதில் 1980இல் ஆப்ரியும் ஆந்த்ரேயும் கண்டது புகழ்பெற்றது: மின்னழுத்தத்தின் வீச்சு தாவல் வலிமையைப்போல இரு மடங்கைத் தாண்டியதும், எல்லா நிலைகளும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் முடங்கிவிடும்; அதற்குக் கீழே எல்லாமே பரவியிருக்கும். 2008இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் குளிர்ந்த பொட்டாசியம் அணுக்களைக் கொண்டு இந்த மாற்றத்தைக் கண்ணெதிரே காட்டினார்கள். ஃபிபொனாச்சிச் சங்கிலியிலோ அப்படி எந்த மாற்றமும் கிடையாது. வலிமை எதுவானாலும் நிலைகள் பரவவும் இல்லை, முடங்கவும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட மாறுநிலையில் நிற்கின்றன. எண்கள் ஒன்றே, எலக்ட்ரானின் கதி வேறு. உயர்பரிமாணம் கொடுத்த முகவரி எலக்ட்ரான் ஓடுமா நிற்குமா என்று சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியிருந்தும், உண்மையான கலவைகளின் மின்தடைக்கு இந்த மாறுநிலை அலைச்சார்புகளையே காரணமாகச் சொல்லும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. ஆசை எழுவது இயல்பே. அலுமினியம், தாமிரம், இரும்பு மூன்றும் நல்ல கடத்திகள். மூன்றும் சேர்ந்த இருபதுமுகக் குவாசிபடிகத்தின் மின்தடை எண்ணோ, குளிர்நிலையில், தூய அலுமினியத்தின் அறைவெப்பநிலை மதிப்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். குறைபாடுகளை நீக்கி மாதிரியை மேம்படுத்தினால் தடை கூடுகிறது, குளிரவிட்டாலும் கூடுகிறது. உலோகத்தில் நடப்பதற்கு நேர்மாறு. ஆனால் அலுமினியம்–தாமிரம்–இரும்போடு சிலிக்கான் சேர்த்து வளர்த்த 1/1 தோராயப் படிகமும் ஏறக்குறைய இதே தடையைக் காட்டுகிறது. அது காலமுறைப் படிகம்! ஃபூஜிவாரா 1989இல் அலுமினியம்–மாங்கனீசின் தோராயப் படிகத்துக்குச் செய்த கணக்கு, ஃபெர்மி மட்டத்தில் நிலைகளின் அடர்த்தி பள்ளம்போல் தாழ்வதைக் காட்டியது. ஹியூம்–ராதரி விளைவும் (ஃபெர்மி மட்ட எலக்ட்ரான் அலைகள் அணுத்தளங்களில் சிதறுவது), அலுமினியத்தின் எலக்ட்ரான்கள் மாங்கனீசின் எலக்ட்ரான்களோடு கலப்பதும் அதற்குப் போதும். மறுபுறம், துத்தநாகம்–மக்னீசியம்–இட்ரியம் குவாசிபடிகத்தின் ஒழுங்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. அதன் தடையோ சில நூறு மைக்ரோ ஓம் சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

எதிர்த்தரப்பின் சிறந்த சான்று பத்துமடிக் குவாசிபடிகம். 1985இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சட்டோபாத்யாய், ரங்கநாதன் குழுவும், அமெரிக்காவில் பெண்டர்ஸ்கியும் தனித்தனியே கண்ட வகை இது. இரண்டு திசைகளில் குவாசி ஒழுங்கு, மூன்றாவதில் சாதாரணக் காலமுறை. அலுமினியம்–நிக்கல்–கோபால்ட் ஒற்றைப் படிகத்தில் காலமுறை அச்சின் வழியே தடை, குவாசித் தளத்தில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒரே துண்டில், ஒரே வேதியியலில், திசை மட்டும் மாறும்போது இத்தனை வேறுபாடு என்றால் காரணம் குவாசி ஒழுங்கல்லாமல் வேறென்ன என்று கேட்கலாம். டோலின்ஷெக், ஸ்மோன்டாரா குழுவினர் இதற்கு விடை தந்தார்கள். மூன்று திசைகளிலும் காலமுறையான, ஆனால் அதே அடுக்குகளால் ஆன அலுமினியம்–கோபால்ட் தோராயப் படிகத்தை அளந்தபோது, அடுக்கு அச்சில்தான் கடத்தல் மிகுந்திருந்தது. திசை வேறுபாடு அடுக்குகளுக்கு உரியது, தங்க விகிதத்துக்கு அன்று.

இதோடு விடயம் முடிந்துவிட்டால் என் பாகுபாடு வசதியாக நிற்கும். ஆனால் 2012இல் நகோயா குழு வெளியிட்ட தங்கம்–அலுமினியம்–யட்டெர்பியம் அதற்குள் எளிதில் அடங்குவதாக இல்லை. 51, 34, 15 என்ற விகிதத்தில் அமைந்த அந்தக் குவாசிபடிகத்தின் காந்த ஏற்புத்திறன், அழுத்தமோ புலமோ எதையும் சரிசெய்யாமலே, வெப்பநிலையின் ஏறக்குறைய –0.51 அடுக்குப்படி, குளிரக் குளிர எல்லையின்றி வளர்கிறது. இது குவாண்டம் மாறுநிலையின், அதாவது தனிச்சுழி வெப்பநிலையில் நிகழும் நிலைமாற்றத்தின் விளிம்பில் நிற்பதன், அடையாளம். அழுத்தம் கொடுத்தாலும் அது அசையவில்லை. ஒப்பிட்டுப் பார்த்த தோராயப் படிகத்தில் ஏற்புத்திறன் ஓரளவில் நின்றுவிடுகிறது. இங்கே காலமுறையும் குவாசி ஒழுங்கும் உண்மையிலேயே வேறுபட்டுப் போயின. வதனபேயும் மியாகேயும் யட்டெர்பியத்தின் இணைதிறன் ஏற்ற இறக்கத்தைக் காரணமாகக் கொள்கிறார்கள். ஆந்த்ராடே, ஜெகந்நாதன், வோய்ட்டா முதலியோர் 2015இல், இடத்துக்கு இடம் மாறும் கோண்டோ வெப்பநிலைகளின் (அணுவின் காந்தத்தைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் மறைக்கத் தொடங்கும் வெப்பநிலைகளின்) பரவலைக் கொள்கிறார்கள். இரண்டுமே அருகிலுள்ள அணுச்சூழலிலிருந்து தொடங்குகின்றன என்பது எனக்குச் சாதகம்.

2016இல் இன்னொரு தகவல் வந்தது. அதே தோராயப் படிகத்தை ஏறக்குறைய 2 கிகாபாஸ்கல் அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது, அதுவும் மாறுநிலையை அடைந்தது, நடத்தையும் குவாசிபடிகத்தோடு ஒத்துப்போனது. ஆகவே அந்த அடுக்கு எண் குவாசி ஒழுங்குக்கு உரியதாக இருக்க வாய்ப்பில்லை. குவாசிபடிகத்துக்கு உரியதெனச் சொல்லக்கூடியது, சரிசெய்யாமலே அங்கே நிற்கும் உறுதி மட்டும். இந்த உறுதி முழு எண்ணும் அன்று, வெறும் அளவும் அன்று; என் இரண்டு பெட்டிகளிலும் அதற்கு இடமில்லை. 1/1ஐ அடுத்த 2/1 (சாய்வாகச் சொன்னால் 1/2) தோராயப் படிகத்தை இதே கலவைக் குடும்பத்தில் வளர்த்து, மாறுநிலை ஒரே அழுத்தத்தில் தோன்றுகிறதா அல்லது ஓர் அழுத்த வீச்சு முழுவதும் நீடிக்கிறதா என்று அளப்பதே இதற்கான சோதனை. வீச்சு விரிந்தால், கூடுதல் பரிமாணங்களுக்கு நான் கொடுத்ததைவிடக் கூடுதல் அதிகாரம் உண்டு.