பிரசவத் துணையாகக் கணவர்

பிரசவ வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறந்து தாய் தேறும்வரை அவளருகிலேயே இருந்து தெம்பூட்டி, கைவேலை செய்து உதவுபவரைப் ‘பிரசவத் துணை’ என்பர். வைத்தியம் பார்ப்பது அவர் வேலையன்று. தமிழ்நாட்டில் இந்த இடம் நெடுங்காலமாகத் தாய்க்கோ மாமியாருக்கோ அத்தைக்கோ உரியது. கணவர் இந்த இடத்துக்கு வருவது அண்மைக்காலப் பேச்சு.

‘பிரசவத்துக்கு இலவசம்’ என்று முதுகில் எழுதிய ஆட்டோக்கள் சென்னை முழுக்க ஓடுகின்றன; பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடி சந்திப்பும் அதற்கு விலக்கல்ல. ஆட்டோ பிடித்து, மேடு பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லி, மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கும்வரை எல்லாம் கணவர் பொறுப்பு. லேபர் வார்டு கதவு வந்ததும் துணிப்பையோடு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியவரும் அவரே.

வழக்கமும் கதையும்

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதும், தலைப்பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்வதும் பரவலான வழக்கம். வேலை ஓரூரிலும் மாமனார் வீடு வேறூரிலும் என்றால், குழந்தை பிறந்த சேதி கணவருக்குப் போனில்தான் வரும்.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் தலக்கதை இங்கே நினைவுக்கு வரும். காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் சிக்கிக்கொள்ள, வலியில் தவித்த இரத்தினாவதிக்குச் சிவனே அவள் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. கடவுளே ஆனாலும் அந்த அறைக்குள் பெண்ணாகத்தான் நுழைய வேண்டியிருந்தது.

விதிகள்

அரசு விதிகளும் ஏறக்குறைய அதே வழியில் தொடங்கின. 2004இல் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் வந்தபோது, அனுமதி பெண் உறவினருக்கே. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. துணையாக வருபவர் பிரசவ அனுபவமுள்ள பெண்ணாக இருக்க வேண்டும் என்ற அது, பிரசவ அறையில் அந்தரங்கம் காக்கப்படும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றது. துணைக்குத் தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடையில் வர வேண்டும். சிகிச்சையில் தலையிடக் கூடாது. அறையிலுள்ள மற்றப் பெண்களைக் கவனிக்கப் போகக் கூடாது.

ஆகக் கணவருக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் ஒரு திரைச்சீலையையோ தடுப்பையோ பொறுத்தது. வரிசையாகக் கட்டில் போட்ட பொது அறையில் ஓர் ஆண் நுழைந்தால் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குச் சங்கடம். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் தொடங்கிய ‘லக்‌ஷ்யா’ திட்டம் இந்த மறைப்பையும் வலியுறுத்துகிறது. தனி அறையுள்ள தனியார் மருத்துவமனைகளில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே டாக்டரின் சம்மதமே முக்கியம். இதை வலி வந்த பிறகு கேட்பதைவிட மாதாந்திரச் செக்கப்பின்போதே கேட்டுவைப்பது நல்லது.

பயன்

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரை, பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணை உடனிருக்க வேண்டும் என்கிறது. 2017இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 15,000க்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இடைவிடாத துணை கிடைத்தவர்களிடம் இயல்பான பிரசவம் கூடியது; சிசேரியனும் வலிமருந்தும் குறைந்தன; வலி நேரமும் சற்றுச் சுருங்கியது.

எல்லோரும் கணவரே வேண்டும் என்று சொல்வதில்லை. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பிராட்லி கணவரைப் பயிற்றுநராக்கி 1965இல் புத்தகமே எழுதினார். பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் ஓடான், ஆணின் பதற்றம் பெண்ணையும் தொற்றி வலியை நீட்டிக்கும் என்று வாதிட்டார். அம்மாதான் பக்கத்தில் வேண்டும் என்று மனைவி சொன்னால், வெளியே நிற்பதே கணவர் செய்யும் உதவி.

உள்ளே செய்யக்கூடியவை

கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகு, தலைப்பிரசவத்தில் இன்னும் 12 மணி நேரம்வரை போகலாம். அத்தனை நேரமும் ‘தைரியமா இரு’ என்று சொல்லிக்கொண்டிருப்பதால் பலனில்லை. வலி வரும்போது இடுப்பின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தமாகப் பிடிக்கலாம். தோளில் சாய்த்து மெல்ல நடக்க வைக்கலாம். மருத்துவர் தடுக்காதவரை வாய் நனையத் தண்ணீர் கொடுக்கலாம். கூடவே மூச்சு விட்டுக் காட்டலாம். நர்ஸ் சொல்வதை அவள் காதில் விழும்படி நிதானமாகத் திரும்பச் சொல்வதும் பெரிய உதவி.

வெளியே செய்யக்கூடியவை

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். தாய் தியேட்டரிலிருந்து வரும்வரை குழந்தையைத் தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டால் அதன் உடற்சூடு காக்கப்படும். ரத்தம் தேவைப்பட்டால் முதலில் ஓடுபவர் கணவர்தான். ஆனால் கணவரின் ரத்தத்தை நேரே மனைவிக்கு ஏற்றுவதை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள், அடுத்த கர்ப்பத்தில் சிக்கல் வரக்கூடும் என்பதால். அவர் கொடுப்பது ரத்த வங்கியில் வேறொருவருக்குப் பயன்படும்.

பெரியவர்கள் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வரும்போது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால்தான் என்று பக்குவமாகத் தடுப்பதும் தகப்பன் வேலையே. பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.

விடுப்பு

கரையான்சாவடியிலிருந்து வடக்கே போகும் சாலை ஆவடியை அடைகிறது. அங்கே உள்ள போர் வாகன ஆய்வு நிறுவனம் போன்றவற்றின் மத்திய அரசு ஊழியருக்கு, முதலிரண்டு குழந்தைகளுக்கு 15 நாள் சம்பளத்தோடு தந்தைமை விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்னதாகவோ, பிறந்து 6 மாதங்களுக்குள்ளோ எடுக்கலாம். அதே சந்திப்பில் பஸ் ஏறி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிலாளிக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டுத் தாய்க்கு 26 வாரங்கள் தந்தது. தகப்பனுக்கு எதுவும் சேர்க்கவில்லை. நிறுவனம் தானாகக் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் மீதமிருக்கும் கேஷுவல் லீவை எண்ணியோ, இன்னொருவரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டோதான் அவர் அந்த 12 மணி நேரத்தைச் சேர்த்துவைக்க வேண்டும்.