சயனைடும் பொறிவண்டும்

கோலார் தங்கவயலின் அடையாளம் அங்குள்ள சயனைடு மேடுகள். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத்தொழில் 2001 பிப்ரவரி 28இல் முடிவுக்கு வந்தது. அரைத்த பாறைத்தூளிலிருந்து பொன்னைக் கரைத்தெடுக்கச் சயனைடு பயன்பட்டது. எஞ்சிய மண் குன்றுகளாக நிலைத்துவிட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளின் வாழ்வோடு இந்த நஞ்சின் பெயரும் ஒட்டிக்கொண்டது.

சயனைடால் பொன் பிரிக்கும் முறைக்கு ஸ்காட்லாந்தில் 1887இல் காப்புரிமை பெறப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அந்நஞ்சு வேறொரு பணிக்கு அழைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பரவிய பஞ்சுச் செதில் பூச்சி ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்தது. காக்விலெட் என்னும் பூச்சியியலாளர், லாஸ் ஏஞ்சல்ஸில் உல்ஃப்ஸ்கில் தோப்பின் மரங்களைக் கூடாரத்தால் மூடி, சயனைடு வாயுவைச் செலுத்திப் பார்த்தார். பூச்சிகள் மடிந்தன. ஆனால் ஒவ்வொரு மரத்தையும் மூடி நஞ்சூட்டுவது செலவும் ஆபத்தும் மிகுந்த வேலை. பரவலுக்கு அது முடிவு கட்டவில்லை.

முடிவு கட்டியது ஒரு வீட்டுத்தோட்டத்தில் கிடைத்த கண்டுபிடிப்பு. அமெரிக்க வேளாண்துறை ஆல்பர்ட் கோபெலேயை 1888இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவர் தேடிச் சென்றது செதில் பூச்சியின் உடலுக்குள் வளரும் ஒரு சிறு ஈயை. அக்டோபர் 15 அன்று, அங்கு இளவேனில் பருவம்; வட அடிலெய்டில் ஒரு தோட்டத்தில், பஞ்சுச் செதில் பூச்சியைத் தின்றுகொண்டிருந்த சிறிய சிவப்புப் பொறிவண்டை அவர் கண்டார். அதுவே ரோடோலியா. அவர் முதலில் அனுப்பியவற்றில் 129 வண்டுகள் உயிருடன் வந்து சேர்ந்தன. சயனைடு சோதனை நடந்த அதே உல்ஃப்ஸ்கில் தோப்பில், அதே காக்விலெட், கூடாரமிட்ட மரமொன்றில் அவற்றை விட்டார். 1889 முடிவதற்குள் தோப்புகள் மீண்டன. பூச்சியைக் கொண்டே பூச்சியை அடக்கும் துறைக்கு அடித்தளம் இங்கு அமைந்தது.

இந்த வெற்றியின் அலை தென்னிந்தியாவையும் தொட்டது. 1928இல் நீலகிரியின் சீகை மரங்களில் பஞ்சுச் செதில் பூச்சி தென்பட்டபோது ரோடோலியாவே வரவழைக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1898இல், காபிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்கு எதிராகக் கிரிப்டோலேமஸ் என்னும் இன்னொரு ஆஸ்திரேலியப் பொறிவண்டு கொண்டுவரப்பட்டிருந்தது. எந்தப் பணிக்கு வந்ததோ அதில் அது தோற்றது. ஆயினும் கர்நாடகத்தில் மாவுப்பூச்சிகளைத் தின்று நிலைபெற்றது.

அடுத்த பெரும் சோதனை 2008இல் வந்தது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் காணப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என வயல்களிலும் வீட்டுக்கொல்லைகளிலும் வெண்படலமாகப் பரவியது. மெழுகுப் போர்வையால் மருந்தடிப்பு பயன் தரவில்லை. 2010இல் பெங்களூரிலுள்ள தேசியப் பூச்சியியல் ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றுள் அசெரோஃபேகஸ் என்னும் கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டுப் பெருகி, பெரும்பாலான இடங்களில் அதை அடக்கியது.

இவ்வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. கிரிப்டோலேமஸின் புழு தன் இரையைப் போலவே வெண்மெழுகு இழைகளைப் போர்த்தியிருக்கும். முன்பனி விலகி மாசியில் புதுத்தளிர் விடும் செம்பருத்தியில் அதைக் காண்பவர், பெரிய மாவுப்பூச்சி என எண்ணி நசுக்கிவிடுவர். தமக்காக உழைப்பதையே கொன்றுவிடுவர். வேறுபாடு எளிது: புழுவின் இழைகள் நீண்டு தடித்திருக்கும், தொட்டால் விரைந்து நகரும். மாவுப்பூச்சியோ மெல்ல ஊரும். பழுப்பேறி, உப்பி, இறுகி, வட்டத் துளையுடன் கிடக்கும் மாவுப்பூச்சிக் கூடு, குளவி தன் பணியை முடித்துப் பறந்ததற்குச் சான்று. தண்டில் எறும்புச்சாரி இருந்தால் அதைத் தடுப்பது நன்று. மாவுப்பூச்சி சுரக்கும் தேன்துளிக்காக எறும்புகள் இந்த நண்பர்களை விரட்டுகின்றன.

நஞ்சு இந்தச் சமநிலையை எவ்வாறு குலைக்கும் என்பதற்கும் கலிபோர்னியாவே சான்று. 1940களின் பிற்பகுதியில் அங்கு டிடிடி தெளித்தபோது ரோடோலியா அழிந்தது. அரை நூற்றாண்டாக அடங்கியிருந்த பஞ்சுச் செதில் பூச்சி மீண்டும் பெருகியது. மருந்துக் குப்பியைத் திறக்குமுன் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது சிறு செயல்தான். சயனைடு மேடுகளின் நிழலில் பப்பாளியும் முருங்கையும் வளர்க்கும் கொல்லைகளுக்கு, நிலத்தில் விழுந்த நஞ்சு எளிதில் நீங்காது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.