முதல் வரைவும் திருத்திய கரங்களும்

தமிழ் வேதாகமத்தின் வரலாறு பெரும்பாலும் திருத்தத்தின் வரலாறே. தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1708 அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711 மார்ச்சில் முடித்தார். அது 1715இல் அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டை ரூத் வரை பெயர்த்த நிலையில் 1719இல் மறைந்தார். எஞ்சிய பகுதியை ஷுல்ட்சே நிறைவேற்றினார்.

ஆயினும் அம்மொழிநடை கரடுமுரடாகவே இருந்தது. சென்னை வேப்பேரியில் ஊழியஞ்செய்த பெப்ரீஷியஸ் அதைத் திருத்தப் புகுந்தார். மூலமொழிகளோடு ஒப்பிட்டதோடு அமையாமல், கற்றோருக்கும் கல்லாதோருக்கும் வாசித்துக் காட்டி, விளங்காதவற்றை மாற்றினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது; பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறியதோ 1791இல் அவர் மறைந்த பின்னரே. அவருடைய உழைப்பையும் ஆதாரமாகக் கொண்டே ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பை நிறைவு செய்தது.

திருத்துவது வேதத்தில் கைவைப்பதாகும் என அஞ்சுவோர் நம் சபைகளில் உண்டு. அவர்கள் போற்றும் வாசகமே பலமுறை திருத்தப்பெற்றதன்றோ! முதல் வரைவைத் திருத்துவது முன்னோரை இகழ்வதன்று. அவர்தம் பணியைத் தொடர்வதாகும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ச் சபையொன்றில் பிரசங்கிக்கும் இளம் போதகரும் தம் வரைவைச் சனிக்கிழமையே ஒரு மூதாட்டிக்கு வாசித்துக் காட்டுவாராக. அவர் புருவம் சுருங்குமிடமே திருத்தவேண்டிய இடம்.