கேப் (இயற்கணித மென்பொருள்)

கேப் என்பது நுண்புல இயற்கணிதத்தில், குறிப்பாகக் குலக் கோட்பாட்டில், கணக்கிடவும் கற்பிக்கவும் ஆராயவும் பயன்படும் கட்டற்ற மென்பொருள். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், யோவாகிம் நொய்பூசர் தலைமையில் 1986இல் இதன் உருவாக்கம் தொடங்கியது.

முன்வரலாறு

குலங்களைக் கணக்கிடும் ஆசை கணினிக்கு முந்தையது. இணைக்கணங்களை அட்டவணையிட்டு எண்ணும் முறையை டாட், காக்ஸெட்டர் இருவரும் 1936இல் வெளியிட்டனர். கையால் செய்த அந்த வேலையை 1953இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்குக் கொண்டுசென்றவர் ஹேசல்குரோவ். நொய்பூசர் 1960 வாக்கிலேயே கீல் நகரில், சூசே இசட்-22 கணினியில் உட்குலங்களைக் கண்டறியும் நிரல்களை எழுதியிருந்தார். பெரிய வரிசைமாற்றக் குலங்களைக் கையாள வழிவகுத்தவர் அமெரிக்கரான சார்லஸ் சிம்ஸ்.

வளர்ச்சி

சிட்னியில் ஜான் கேனன் உருவாக்கிய கேலி மென்பொருளும், 1993இல் அதன் இடத்துக்கு வந்த மேக்மாவும் ஆற்றல் மிக்கவை. நொய்பூசர் தேர்ந்தெடுத்த பாதை வேறு. ஒரு தேற்றத்தின் நிறுவலை நூலகத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். அதுபோல, விடையைத் தரும் நிரலையும் எவரும் திறந்து பார்த்துச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1988இல் கேப் பொதுவெளிக்கு வந்தது. அவர் 1997இல் ஓய்வு பெற்றதும், ஒருங்கிணைப்புப் பணி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. நான்காம் பதிப்பு 1999இல் வெளியானது. 2008இல் கேப் குழு ஜென்க்ஸ் நினைவுப் பரிசைப் பெற்றது.

வகுப்பறையில்

உட்குலத்தின் வரிசை (உறுப்புகளின் எண்ணிக்கை), குலத்தின் வரிசையை மீதியின்றி வகுக்கும் என்பது லெக்ராஞ்சி தேற்றம். அதன் மறுதலையும் உண்மையா? நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் 12 உறுப்புகள் கொண்ட குலமாகும். அதன் உட்குலங்கள் அனைத்தையும் கேட்டால், கேப் நொடியில் பத்தைப் பட்டியலிடும். 1, 2, 3, 4, 12 என்ற வரிசைகள் வரும். 6 மட்டும் வராது. மறுதலை பொய் என்பதை மாணவர் அங்கேயே கண்டுவிடுகிறார். 6 ஏன் வரவில்லை என்பதற்கான நிறுவலை அவர்தான் எழுத வேண்டும். கற்பித்தலில் கேப்பின் பயன் அந்தக் கேள்வியை எழுப்புவதில்தான் இருக்கிறது.

ரூபிக் கனசதுரம் இன்னொரு பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. நகரும் 48 வண்ணச் சதுரங்களுக்கு எண் கொடுத்து, ஆறு முகங்களின் திருப்பங்களை ஆறு வரிசைமாற்றங்களாக உள்ளிட்டால், குலத்தின் வரிசை 43,252,003,274,489,856,000 என்று விடை வரும். குலத்தின் மையத்தைக் கேட்டால் இரண்டே உறுப்புகள்: ஒன்று சமனி, மற்றது 12 விளிம்புத் துண்டுகளையும் அவை இருக்கும் இடத்திலேயே புரட்டிப்போடும் நிலை.

வில்லியம் ஸ்டைன் 2005இல் தொடங்கிய சேஜ் மென்பொருளும் குலக் கணக்குகளுக்குக் கேப்பையே நாடுகிறது.

சிறு குலங்களின் தொகுப்பு

பெஷெ, ஐக், ஓ'பிரையன் மூவரும் உருவாக்கிய, கேப்புடன் வரும் தொகுப்பில், வரிசை 2000 வரையிலான குலங்கள் அனைத்தும் உள்ளன. 1024 மட்டும் விலக்கு. வரிசை 8 எனில் 5 குலங்கள், 16 எனில் 14, 32 எனில் 51, 256 எனில் 56,092. வரிசை 1024க்கு 49,487,365,422 என்ற எண்ணிக்கை சுமார் இருபது ஆண்டுகள் வழங்கிவந்தது. டேவிட் பரெல் மறுகணக்கிட்டு, அதை 49,487,367,289 எனத் திருத்தினார்.