தம்புள்ளைக் குகைப் போர் ஓவியங்கள்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக் குகைக் கோவிலின் 2ஆம் குகையான மகாராஜ விகாரையில் உள்ள சுவர், கூரை ஓவியங்கள். ஐந்து குகைகளில் இதுவே மிகப் பெரியது. இன்று காணப்படும் ஓவியங்களில் பெரும்பகுதி, கண்டி மன்னர் கீர்த்தி சிறீ ராஜசிங்கன் (1747–1782) காலத் திருப்பணியில் எழுந்தது.

போர்க்காட்சிகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, கூரையில் விரியும், தீய சக்தியான மாரனின் படையெடுப்பு. தியானத்தில் அமர்ந்த புத்தரைப் பல உருவங்கொண்ட அசுரர்கள் சூழ்கின்றனர். இரண்டாவது, அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனும் சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் யானை மீதிருந்து பொருதும் காட்சி. இப்போர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நடந்தது. வீழ்ந்த எல்லாளனுக்கு வென்றவனே நினைவுச் சின்னம் எழுப்பி மரியாதை செய்தான் என்கிறது இலங்கையின் பாளி வரலாற்று நூலான மகாவம்சம்.

ஐரோப்பியப் போர் ஓவியர்கள் சிலர் பெரிய திரையைத் தொடங்குமுன், உயிருள்ள மாதிரிகளைப் பார்த்துத் தலைகளை எண்ணெய் வண்ணத்தில் தனியே தீட்டிப் பழகினர். இக்குகை ஓவியங்கள் சார்ந்த கண்டி மரபு வேறு வழியில் சென்றது. உலர்ந்த சாந்துப் பூச்சின் மேல், தெளிவான புறக்கோடும் நிழலற்ற தட்டை வண்ணமும் கொண்டு முகங்கள் மரபான வார்ப்பில் வரையப்பட்டன. தனியாளின் சாயலைவிட உடை, ஆயுதம், யானை ஆகியவையே ஒருவரை இன்னாரென அறிவிக்கின்றன.

தம்புள்ளைக் குகைக் கோவில் 1991இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.